இடக்கை முறுக்கு

எனக்கு ஓரிடத்தில் அடங்கி உட்காரத் தெரியாது. இந்த வயதிலும் சோறு வெந்ததா என்று நாலு தடவை மூடியைத் திறந்து பார்க்கிற ஆள்தான். எங்கள் பக்கத்தில் இதை வெப்ராளம் என்பார்கள். பதற்றம் என்று எழுதலாம். ஆனால் பதற்றத்துக்கு ஒரு காரணம் வேண்டும், வெப்ராளத்துக்கு அதெல்லாம் வேண்டாம். "சவத்துப் பிள்ளைக்குக் காலிலயும் வெப்ராளம், கையிலயும் வெப்ராளம்" என்று அம்மை ஏசுவாள். கை என்று அவள் சொன்னது என் இடது கையை.

நான் இடக்கைக்காரி. மாங்காய்க்குக் கல் எறிவதும், முற்றம் தூத்துப் பெருக்குவதும், தேங்காய் துருவுவதும் அந்தக் கைதான். சின்னப்பிள்ளையாக இருந்தபோது சோற்றில் இடது கையை வைத்தால் அகப்பைக் காம்பால் ஓங்கி விழும். அதிலும் திருந்தவில்லை என்று கையைத் துணியால் இடுப்போடு சேர்த்துக் கட்டிப்போட்டுச் சோறு தந்தாள். அப்படிக் கட்டிக் கட்டி, சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலது கை படித்துக்கொண்டது. மற்ற வேலைக்கு அது வரமாட்டேன் என்று விட்டது. பிறகு அம்மை கட்டுவதை நிறுத்திவிட்டு மறைக்க ஆரம்பித்தாள். வேற்றாள் யாராவது வீட்டுக்கு வந்தால் நான் எந்த வேலையும் தொடக் கூடாது. "ஊருக்குத் தெரிஞ்சா உன்னை எவன்ட்டி கெட்டுவான்?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் கொஞ்சம் தென்னையும். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியும் அரிசிக்குக் கட்டுப்பாடு போகவில்லை. நாங்கள் இன்னும் மலையாளத்து ஆட்சிக்குள்தான் கிடந்தோம். அந்தக் காலத்தில் அக்காவுக்கு வடசேரியில் ஒரு சம்பந்தம் ஒத்து வந்தது. அதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப் போயிருந்தன. அக்கா அதிகம் பேசமாட்டாள், சிரிப்பதும் அபூர்வம். இந்த மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனதிலிருந்து கிணற்றில் வெள்ளம் கோரும்போது மெல்லப் பாட ஆரம்பித்தாள். தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்றுதான் சொல்லுவோம். அந்தப் பாட்டைக் கேட்டு நான் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறேன். இதுவும் போனால் அக்கா எழுந்திருக்கமாட்டாள் என்பது எனக்கும் தெரியும், அம்மைக்கும் தெரியும்.

இந்தச் சம்பந்தமும் தட்டிப் போக வழி இல்லாமலும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பொல்லாத குறை பார்க்கிறவர்கள் என்று பேர். முன்பு ஒரு பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, ஏதோ சகுனம் சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் இன்னமும் வீட்டில்தான் இருந்தாள். அதை நினைத்து அம்மைக்கு உறக்கம் போயிற்று. "கல்யாணம் கழியுற வரைக்கும் நீ ஒண்ணையும் தொடாதே, ஓடியும் நடக்காதே, பேசவும் செய்யாதே" என்று எனக்கு உத்தரவு. மூச்சு விடலாமா என்று கேட்டேன். அதற்கும் ஒரு அடி கிடைத்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரப் பெட்டி போக வேண்டும். முந்திரிக்கொத்து, அதிரசம் எல்லாம் உண்டு. ஆனால் பேர் வாங்குவதும் பேரைக் கெடுப்பதும் கைமுறுக்குதான். அச்சில் போட்டுப் பிழிகிற சமாச்சாரம் இல்லை. பச்சரிசியை ஊறப்போட்டு உரலில் இடித்து, சலித்து, உளுந்துமாவும் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, மாவை விரல்களுக்கு இடையில் முறுக்கி முறுக்கி, வெள்ளைத் துணியில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றி வைக்க வேண்டும். மாவு இடிக்க ஊரையே கூப்பிடலாம். எண்ணெயில் போட்டு எடுக்கவும் ஆள் வைக்கலாம். சுற்றுவது மட்டும் பெண் வீட்டுக் கையாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "பொண்ணு வீட்டுக் கை எப்படி" என்று பார்ப்பார்கள். வீட்டுப் பெண்கள் என்றால் நாங்கள் மூன்று பேர்தான். அதில் நான் கணக்கில் கிடையாது.

அம்மையும் அக்காவும் துணியை விரித்து உட்கார்ந்தார்கள். எனக்கு அடுப்பில் விறகு தள்ளுகிற வேலை. அம்மை சுற்றுகிறதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சும்மா பேசிக்கொள்வதுபோல அசையும், மாவு பிரி பிரியாகக் கயிறாகி இறங்கும். அக்காவுக்கும் நன்றாக வரும், ஆனால் ஆமை வேகம். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கை அரித்தது. எழுந்து கிணற்றடிக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். "ஏட்டி, காலு கழண்டு விழுந்துரப் போவுது. ஒரு இடத்துல இரி" என்றாள் அம்மை.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் தென்னையின் கொப்பரையைச் செக்கில் ஆட்டி வந்த எண்ணெய். அதில் எங்கேயோ வெள்ளம் கலந்திருக்கிறது. அம்மை முதல் ஈட்டைப் போடக் குனிந்ததும் உருளி சீறிக்கொண்டு பொங்கியது. "எம்மா!" என்று ஒரு சத்தம்தான். வலது கையில் விரல் முழுக்கத் தோல் உரிந்து வழண்டுவிட்டது. கற்றாழைச் சோற்றை வழித்துப் பூசி, வாழையிலையைச் சுற்றிக் கட்டினோம். அப்பா வைத்தியரைக் கூட்டி வரட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார். அம்மை அதைக் காதில் வாங்கவில்லை. துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு மலைபோலக் கிடந்தது. ஈரமாவு, போட்டு வைத்தால் புளித்துவிடும். மறுநாள் காலையில் வண்டி வருகிறது. அக்கா ஒருத்தி சுற்றி இது கரையேறாது.

அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மை அழவில்லை. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கையக் கழுவிட்டு வா" என்றாள்.

நான் வலது கையைத்தான் முதலில் நீட்டினேன். சத்தியம். அது சுற்றியதைப் பார்த்து அக்காவே அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். மண்புழு செத்துக் கிடப்பதுபோல இருந்தது. அம்மை பல்லைக் கடித்துக்கொண்டு, "மத்தக் கையில சுத்து" என்றாள். என் வாழ்க்கையில் அம்மை வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இடது கையில் மாவை எடுத்தேன். அது ஓடியது. யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அம்மை சுற்றுகிறதை இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அந்தக் கை உள்ளுக்குள்ளேயே படித்து வைத்திருந்திருக்கிறது. ஏழு சுற்றும் ஒரே கனம், ஒரே இடைவெளி. அக்கா ஒன்று முடிப்பதற்குள் நான் அடுத்ததை எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒரு சங்கடம். அவர்கள் வட்டம் வலமாக ஓடும், என் வட்டம் இடமாக ஓடியது. எங்கள் பக்கத்தில் இடமாகச் சுற்றுவது இழவு வீட்டுக் காரியத்துக்குத்தான். கல்யாணப் பெட்டியில் அது போனால் அதைவிட அபசகுனம் வேறில்லை. அம்மை என் முறுக்கு ஒன்றைக் கட்டில்லாத கையால் மெல்லத் தூக்கிக் கவிழ்த்து வைத்தாள். வட்டம் வலமாகிவிட்டது. அவள் முகம் தெளிந்தது. "எண்ணெயில போட்டு மறிச்சா இடம் வலமாப் போவும். பெட்டியில அடுக்கும்போ இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். எவ கண்டுபிடிக்கா?" என்றாள். நாங்கள் மூன்று பேரும் அதை நம்பினோம். தென்னங்கயிறு திரிக்கிற ஊரில் பிறந்த எங்களுக்கு, கயிற்றைத் திருப்பிப் பிடித்தால் அதன் பிரி சாய்கிற பக்கம் மாறாது என்பது அன்றைக்கு மனசில் ஓடவில்லை. புத்தி மழுங்கும் நேரத்தில் எல்லாம் சேர்ந்தேதான் மழுங்கும்.

எண்ணெயில் விழுந்து, நுரை அடங்கி, பொன்னிறமாக என் முறுக்குகள் ஏறி வந்ததை நான் எப்படிச் சொல்வேன்! கடித்தால் கருக்கென்று ஒடியும். கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்று அம்மை சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. ஆனால் உடைந்த ஒரு துண்டை வாயில் போட்டு, இன்னொரு துண்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கு அது போதும். அன்று பொழுது சாய்கிற வரையில் நான் எழுந்திருக்கவே இல்லை, வெப்ராளம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மறுநாள் காலையில் எங்கள் தாய்மாமா வில்வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனார். வண்டி முக்கு திரும்பினதும் போன வெப்ராளம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. நான் முற்றத்துக்கும் தெருவுக்குமாக நடந்தேன். இந்நேரம் பெட்டி இறங்கியிருக்கும். இந்நேரம் திறந்திருப்பார்கள். இந்நேரம் ஒருத்தி கையில் எடுத்திருப்பாள். அக்கா ஒரே சேலையை மடித்து உதறி, மடித்து உதறி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மை என்னை ஏசக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வெயில் தாழ்ந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மாமா முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். பின்னால் மாப்பிள்ளையின் அத்தை இறங்கினாள், அவனுடைய அப்பாவின் கூடப்பிறந்தவள். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவள் இடுப்பில் எங்கள் ஓலைப் பெட்டிகளில் ஒன்று இருந்தது. பலகாரப் பெட்டி திரும்பி வருவதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். நான் பின்வாசல் வழியாக ஓடி, கதவு மறைவில் போய் நின்றுகொண்டேன். அக்கா அங்கே ஏற்கெனவே நின்றாள்.

அத்தை உட்கார்ந்தாள். வெள்ளம் கொடுத்ததை வாங்கிப் பக்கத்தில் வைத்தாள், குடிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மைனி, கொறை சொல்ல வந்தேன்னு நினைக்காதேங்கோ. பெட்டிய ஒவ்வொண்ணாத் திறந்தது நானாக்கும், வேற எவளும் இதைப் பாக்கல்லே. வட்டம் சரிதான். பிரி மாறிக் கெடக்கே, அது எப்பிடி? வலது கையில சுத்தினா பிரி இந்தப் பக்கம்லா சாயும்? இதைச் சுத்தினது இடக்கை. யாருக்க கை?"

எனக்கு அம்மை மனசு அப்படியே தெரிந்தது. யாருடையது என்று சொல்லாவிட்டால் பெண்ணுடையது என்று ஆகிவிடும், அக்கா கல்யாணம் போச்சு. இளையவளுடையது என்று சொன்னால் மூத்தவள் தப்பிப்பாள், ஆனால் வடசேரியிலிருந்து கோட்டாறு வரை என் கை பேச்சாகிவிடும். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

அம்மை வாழையிலைக் கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்குக் கை வெந்து போச்சு மைனி. அதனால இந்தக் கையால நான்தான் சுத்தினேன்."

அடடா, என்ன பொய்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்படியொரு பொய்யை அம்மை சொல்லுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அத்தை கட்டைப் பார்த்தாள், அம்மை முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களா? கொள்ளாமே. வெந்த கையோட இவ்வளவு நேர்த்தியா சுத்தியிருக்கேளே. மாவு மிச்சம் இருக்கும்லா? எனக்கு ஒண்ணு சுத்திக் காட்டுங்கோ, கண்ணு குளிரப் பாத்துட்டுப் போறேன்."

வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்த மாவு கொஞ்சம் இருந்தது. அம்மை இடது கையாலேயே தாம்பாளத்தில் பிசைந்தாள், துணியை விரித்தாள், உட்கார்ந்தாள். ஊரிலேயே நல்ல கை என்று பேர் எடுத்தவள். இடது விரல்களுக்கு இடையில் மாவைப் பிடித்து முறுக்கினாள். அறுந்து விழுந்தது. மறுபடி எடுத்தாள். கோணிக்கொண்டு போய் ஒரு சுற்றுகூடச் சேரவில்லை. காதோரத்தில் வேர்வை இறங்கியது. அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மையும் விடாமல் எடுத்து எடுத்து முறுக்கினாள். வழங்காத கையை வைத்துக்கொண்டு நாலு பேர் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு வெளியே போனேன்.

"எழும்பு" என்றேன் அம்மையிடம்.

"உள்ள போட்டி, சவத்த மூதி!" என்று அம்மை பல்லைக் கடித்தாள்.

நான் போகவில்லை. அவள் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மாவை எடுத்து, ஏழு சுற்றும் சுற்றி முடித்து, அத்தையைப் பார்த்து, "நான்தான் சுத்தினேன். எனக்க கைதான். அக்காவுக்கு வலது கை. வேணும்னா கூப்பிட்டுப் பாருங்க" என்றேன். மரியாதை இல்லாமல்தான் சொன்னேன். கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

அத்தை அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா வந்து ஒன்று சுற்றினாள். வலது கை, வலது பிரி. அத்தை அதையும் என்னுடையதையும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பொண்ணுல குறை இல்லை. நான் எங்க வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டேன், பிரி மாறினது எல்லாம் இந்தப் பெட்டியிலதான், இது இங்கயே இருக்கட்டும். ஆனா மைனி, கல்யாணத்தன்னைக்கு இந்தப் பிள்ளை பந்தலுக்கு வரப்பிடாது. இது ஒண்ணையும் ஒளிக்கத் தெரியாத பிள்ளை. கூட்டத்துல அந்தக் கையால எதையாவது எடுத்து நீட்டும். எங்க ஆளுகளுக்கு நாக்கு நீளம், மணவறையில வச்சே எழும்பிப் போயிருவா. அன்னைக்கு நான் சொன்னாலும் எடுபடாது. தோழியா நிக்க வேற பிள்ளையப் பாருங்கோ."

"சரி" என்றாள் அம்மை.

ஒரு மூச்சு நேரம்கூட யோசிக்கவில்லை. சரி! அக்கா, "அம்மா, அவ இல்லாம எப்பிடி" என்று ஆரம்பித்தாள். அம்மை ஒரு பார்வையில் அவள் வாயை அடைத்தாள். அத்தை அப்போதுதான் வெள்ளத்தை எடுத்துக் குடித்தாள், போகும்போது என் தலையைத் தடவிவிட்டும் போனாள். அந்தத் தடவல் எனக்கு எரிந்தது. ஆனால் அவள்மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். முழுக் கோபமும் அம்மைமேல். கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு நான் தோழியாக நிற்கக்கூடாதாம். அம்மைக்காக நான் வெளியே வந்தேன், அவள் என்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். கல்யாணம் வரைக்கும் நான் அம்மையோடு பேசவில்லை. அவளும் கூப்பிட்டுப் பேசவில்லை.

கல்யாணத்தன்று காலையில் நான் அடுக்களையில் இருந்தேன். சமையல்காரர்கள் தோப்பில் அடுப்பு கூட்டியிருந்ததால் வீட்டு அடுக்களையில் ஒரு குஞ்சு இல்லை. முற்றத்துப் பந்தலில் நாதஸ்வரம் கேட்டது, சிரிப்பும் சந்தடியும் கேட்டது. நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது வைக்கோல் போர் மட்டும்தான். இப்போது அக்காவைக் கூட்டி வருவார்கள். இப்போது உட்கார்த்துவார்கள். யாரோ ஒரு சித்தப்பா மகள் பக்கத்தில் நிற்பாள். உரலை எட்டி மிதித்தேன், கால்தான் வலித்தது.

கதவு திறந்தது. அம்மை. பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, வலது கையில் இன்னும் கட்டு. உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"என்ன வேணும்?" என்றேன். அத்தனை நாள் கழித்து நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் பட்டுச்சேலையோடு வெறும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தாலி ஏறப் போவுது. போ. அங்க எல்லாரும் உன்னைத் தேடுவா" என்று கத்தினேன். "எனக்கு ஒண்ணும் துணை வேண்டாம். போன்னு சொல்லுகேன்லா!"

"அங்க நிக்க ஆளு நிறைய உண்டு" என்றாள் அம்மை. "இங்க யாரு இருக்கா?"

வெளியே யாரோ அம்மையை உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை, இன்னொரு தடவை. அம்மை வாய் திறக்கவில்லை. நான் நடந்துகொண்டிருந்தவள் நின்றேன். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கெட்டிமேளம் முழங்கியது. அம்மை கண்ணை மூடி, கட்டுப்போட்ட கையையும் மற்றக் கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. பெற்ற மூத்த மகளின் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவே இல்லை.